மழை பெய்தால் கூட்டம்

இரண்டாம் வெள்ளி, காலை பத்து மணி,
பெற்றோர் தவறாமல் வரவும் என்று
முப்பத்தொரு டைரியிலும் எழுதி அனுப்பினேன்.
நான்கு பேர் வந்தார்கள்.
அதில் ஒருவர் சாதிச் சான்றிதழ் விஷயமாக வந்தவர்.
வாங்கி வைத்த பருப்புவடை
சத்துணவுக்கூடத்துப் பூனைக்கும் எனக்குமாய் மீந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
‘இப்பகுதிப் பெற்றோருக்கு அக்கறை குறைவு.’
அடிக்கோடும் இட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து வருகிறவள் நான்.
குலசேகரம் தாண்டினால் ஜன்னலில்
இந்தப் பக்கம் ரப்பர், அந்தப் பக்கமும் ரப்பர்,
பிரேயருக்கு நிறுத்தி வைத்ததுபோல.
அதற்குள் ஆள் இருப்பது
ஏழேகால் பேருந்துக்குத் தெரியாது.
நான் தலையணையைப் புரட்டிப் போட்டு
இன்னும் பத்து நிமிடம் என்கிற நேரத்தில்
நெற்றியில் விளக்குக் கட்டிய ஒருத்திக்கு
நூறு மரம் தீர்ந்திருக்கும்.

ஷிபினின் டைரியில் மட்டும் இன்னொரு வரி:
‘மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிறான். கண்டிக்கவும்.’
மறுநாள் அதன் கீழே
பென்சிலில், கோட்டுக்கு வெளியே வழிந்து
ஒரு பதில்.
“டீச்சர், பத்து மணி பால் எடுக்கிய நேரம்.
விட்டா சிரட்டையில ஒறஞ்சு போவும்.
மழ பெய்தா வெட்டு இல்ல.
மழ பெய்தா வாறோம்.
அவன் தூங்கமாட்டான்.
வசந்தபாய்.”

கடைசி வரியை
எல்லாத் தாய்மாரும் சொல்வதுதானே என்று தள்ளிவிட்டேன்.
மழை மட்டும் மனதில் கிடந்தது.

அடுத்த சுற்றறிக்கையில் தேதி இல்லை.
‘வெளுப்பான் காலத்தில் மழையிருந்தால்
அன்று கூட்டம்.’
“இதை மேலே எப்படிம்மா அனுப்புவேன்?”
என்றார் தலைமையாசிரியர்.
“நனையாம அனுப்புங்க சார்.”
எப்படியோ சிரித்துவிட்டார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய் பெய்தது.
குடை, பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு,
இருபத்தியாறு பேர்.
வகுப்பறை முழுக்க ஒட்டுப்பாலின் புளித்த வாடை.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்
அன்றைக்குக் கூலி இல்லாதவர்கள்.

ரசலையனும் வசந்தபாயும் கடைசிப் பெஞ்ச்.
நோட்டை விரித்தேன்.
“பலகையில் முப்பத்தெட்டு. இவன் எழுதியிருப்பது எண்பத்தெட்டு.
கவனமே இல்லை.”
அவள் எண்ணைப் பார்க்கவில்லை.
“சனிக்கிழம ஒட்டுப்பால் பறிக்கக் கூட வருவான் டீச்சர்.
சிரட்டையத் தடவித்தான் எடுப்பான்.
எனக்க வெளிச்சத்த விட்டு மாறமாட்டான்.
இருட்டுன்னா பயமாக்கும்னு நெனச்சேன்.”

ஓட்டின்மேல் மழை.
மேசையில் கவிழ்ந்த அந்தத் தலை,
நோட்டில் உரசிய மூக்குநுனி,
ஒவ்வொரு நாளும் என் கண்முன்னால்தான்.

ரசலையன் எழுந்து கரும்பலகைவரை நடந்தார்.
திரும்பி நின்று
இரண்டு விரல் காட்டினார்.
“மக்களே, இது எத்தன?”
ஷிபின் என்னைப் பார்த்தான்,
அம்மையைப் பார்த்தான்.
“மூணு.”
யாரும் திருத்தவில்லை.

முதல் பெஞ்ச் அன்றைக்கே மாறியது.
தக்கலை ஆஸ்பத்திரிக்கு
அடுத்த மழைக்குப் போறோம் என்றார்கள்.
அதுவரை வேண்டாம், சனிக்கிழமை
நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.
“அப்போ ஒட்டுப்பால்?” என்றான் அவன்.
அப்பன் முதுகில் ஒன்று வைத்தார், மெதுவாக.

பதிவேட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது.
அடித்தல் கூடாதாம்.
பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது,
‘பத்து மணி பால் எடுக்கிற நேரம்’
என்று எழுதிவைத்தேன்.

இன்று தக்கலை தாண்டும்போதே
மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
அபிஷாவின் வாசிப்பைப் பற்றி
அவள் அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது எனக்கு.
பெய்யட்டும் என்று நினைத்தேன்.
நினைத்ததும் யாருடைய அரிசியோ
கையில் நெருடியது.
கட்டணமில்லாச் சீட்டை நீட்டிக்கொண்டு
கண்டக்டர் எவ்வளவு நேரமாக நின்றாரோ.